மையழகி தலைகீழாகத் தொங்கிய கதை

ஒரு காட்டில் ஒரு விடுகதை சுற்றிக்கொண்டிருந்தது. யார் போட்ட விடுகதை என்று தெரியாது. மரத்துக்கு மரம், புதருக்குப் புதர் போய்க்கொண்டே இருந்தது. நீங்களும் கேளுங்கள். தெரிந்தால் சொல்லுங்கள்.

முட்டை இட்டவள் ஊட்டமாட்டாள். ஊட்டுகிறவள் அந்த முட்டையை இடவில்லை. இரண்டு பேருக்கும் நடுவில் வாயைத் திறந்துகொண்டு ஒருத்தன். யார் இந்த மூன்று பேர்?

அணில் உடனே சொல்லிவிட்டது. ஆமை சாயங்காலம் வரை யோசித்துச் சொல்லிவிட்டது. முந்தாநாள் பிறந்த மான்குட்டிகூட, "குயில், காகம், குயில்குஞ்சு" என்று சொல்லிவிட்டுப் பால் குடிக்கப் போய்விட்டது.

அந்தக் காட்டில் விடை தெரியாத ஒரே ஆள் மையழகி. மையழகி ஒரு காகம். அவளுக்கு விடுகதை கேட்க நேரமில்லை.

எப்படி இருக்கும்? அவளுடைய மற்றப் பிள்ளைகள் சிறகு முளைத்ததும் பறந்துபோய்விட்டார்கள். கடைக்குட்டி கருப்பட்டி மட்டும் போகவில்லை. அவனுக்கும் பறக்கத் தெரியும். ஆனால் அம்மா எந்தக் கிளையில் உட்கார்கிறாளோ, அந்தக் கிளைக்குப் பறந்துவந்து வாயைத் திறப்பதற்கு மட்டும்தான் பறப்பான். பொழுது விடிந்தால் "பசிக்குது." ஊட்டி முடித்து அலகைத் துடைப்பதற்குள் "பசிக்குது." ஒரு முறை அவன் தூங்கும்போது மையழகி பக்கத்தில் போய்க் கேட்டாள். தூக்கத்திலும் அதைத்தான் சொன்னான்.

மையழகிக்கு ஒரு கணவன் உண்டு. பெயர் கரிமுத்து. கரிமுத்து அந்தக் காட்டுக் காக்கைகள் நலச் சங்கத்தின் துணைச் செயலாளர். சோறு கிடக்கும் இடத்தைப் பார்த்த காகம், மற்றவர்களைக் கூப்பிட்டுவிட்டுச் சாப்பிட வேண்டுமா, சாப்பிட்டுவிட்டுக் கூப்பிட வேண்டுமா என்று அந்தச் சங்கம் பல காலமாக விவாதித்துக்கொண்டிருந்தது. கரிமுத்து காலையில் விவாதத்துக்குப் போனால் இருட்டிய பிறகுதான் வருவான். வந்ததும், "தொண்டை கட்டிப்போச்சு" என்பான்.

மையழகிக்கு ஒரு ஆசை இருந்தது. அதை அவள் யாரிடமும் சொன்னதில்லை.

இரை தேடப் போகிற வழியில் ஒரு பெரிய ஆலமரம். அது பழுக்கும் காலத்தில் எங்கிருந்தோ வௌவால்கள் வரும். ராத்திரி முழுக்கப் பழம் தின்னும். பகல் முழுக்கத் தலைகீழாகத் தொங்கும். பழம் தீர்ந்ததும் போய்விடும். அப்புறம் அடுத்த வருஷம்தான். மையழகி தினமும் வாயில் ஒரு புழுவோடு அந்த மரத்தைக் கடக்கும்போது ஒரு நொடி நின்று பார்ப்பாள். அவற்றுக்கு ஒரு வேலையும் இல்லை. தொங்கின. அவ்வளவுதான். லேசாகக் காற்றடித்தால் லேசாக ஆடின.

தானும் அப்படித் தொங்கிப் பார்க்க வேண்டும் என்று மையழகிக்குத் தோன்றியது. எதற்கு என்று கேட்டால் அவளுக்குச் சொல்லத் தெரியாது. வாழ்க்கையில் அவள் செய்த எல்லாக் காரியத்துக்கும் ஒரு பயன் இருந்தது. பயனே இல்லாத ஒன்றைச் செய்து பார்க்க வேண்டும்.

ஆலம்பழம் குறைந்துகொண்டே வந்தது.

அந்தச் சமயத்தில்தான் குளத்தங்கரையில் ஒரு பலகை முளைத்தது: "உன் லட்சியத்தைக் கண்டுபிடி! ஒரு நாள் பயிலரங்கம். நடத்துபவர்: ஒற்றைக்கால் நிபுணர் கொக்கு வெள்ளைச்சாமி." காடே போனது. எறும்புகள் வரிசையை ஒழுங்குபடுத்தின. அதனால் வரிசை மிக நேராக இருந்தது. எங்கே போகிறது என்றுதான் யாருக்கும் தெரியவில்லை. மையழகியும் வரிசையில் நின்றாள். கருப்பட்டியை விட்டுவிட்டு வர இடமில்லாததால் அவனும் கூடவே வந்தான். "பசிக்குது" என்றான்.

கொக்கு ஒரு காலைத் தூக்கிக்கொண்டு பேசத் தொடங்கியது.

"வாழ்க்கை சின்னது. லட்சியம் பெரிசு. என்னைப் பாருங்க. நான் ஒரே இடத்துல நிக்கிறேன். ஒரே விஷயத்தை நினைக்கிறேன். அது தானா என்கிட்ட வருது."

முதல் வரிசையில் மீன்கள் உட்கார்ந்து குறிப்பெடுத்துக்கொண்டிருந்தன. இடைவேளை விட்டார்கள். இடைவேளைக்குப் பிறகு முதல் வரிசை காலியாக இருந்தது. கொக்கின் பேச்சில் மட்டும் ஒரு நிறைவு தெரிந்தது.

"உங்களுக்கு ஒரு வீட்டுப்பாடம் தர்றேன்" என்றது கொக்கு. "இதுவரைக்கும் நீங்க செஞ்சே பார்க்காத ஒரு காரியம். அது எதுன்னு யோசிங்க. நாளைக்கே ஆரம்பிங்க."

மையழகி இறக்கையைத் தூக்கினாள். "அய்யா, ஒரு சந்தேகம். அந்த நேரத்துல பிள்ளைய யார் பார்த்துக்கிறது?"

கொக்கு தூக்கிய காலை மாற்றிக்கொண்டது. அதுவரை அந்தக் கேள்வியை யாரும் கேட்டதில்லை. "நல்ல கேள்வி" என்றது. "அடுத்த கேள்வி?"

மையழகிக்குப் பக்கத்தில் ஒரு குயில் உட்கார்ந்திருந்தாள். பெயர் மதுரவல்லி. உடம்பெல்லாம் புள்ளி, நீண்ட வாலில் பட்டை பட்டையாகக் கோடு. கேட்க இனிமையாகப் பாடுவது ஆண் குயில்தான் என்பது உங்களுக்குத் தெரிந்திருக்கும். பெண் குயில் 'கிக் கிக்' என்று கத்தும். மதுரவல்லியும் அப்படித்தான் கத்துவாள். அதனால் பாட்டை விட்டுவிட்டு மற்ற எல்லாவற்றையும் கற்றுக்கொண்டிருந்தாள்.

"கிக் கிக்! அதை ஏன்க்கா கேக்குறீங்க, என் வீட்டுப்பாடம்தான் கஷ்டம்" என்றாள் அவள். "நான் செய்யாதது எதுன்னு தெரியலை. மரங்கொத்திகிட்ட தச்சு வேலை முடிச்சாச்சு. முக்குளிப்பான்கிட்ட நீச்சல். மயில்கிட்ட பரதம் போய்க்கிட்டிருக்கு. பாருங்க."

கைப்பேசியை நீட்டினாள். குயிலுக்குக் கை கிடையாது. காலால்தான் பிடித்திருந்தாள். ஆனாலும் அதற்குப் பெயர் கைப்பேசிதான். அதில் மதுரவல்லி தண்ணீருக்குள் தலையை விட்டபடி ஒரு படம், மரத்தில் ஓட்டை போட்டபடி ஒரு படம், காலைத் தூக்கியபடி பல படங்கள்.

மையழகிக்கு மலைப்பாக இருந்தது. "உனக்குப் பிள்ளைங்க இல்லையாம்மா?"

"இருக்காங்களே! ஒவ்வொரு வருஷமும்."

"அப்போ அவங்களை..."

"ஒரு நல்ல இடத்துல விட்டிருக்கேன்க்கா. வீடு கொஞ்சம் அலங்கோலமா இருக்கும். கம்பியும் குச்சியும் இறைஞ்சு கிடக்கும். ஆனா அந்தம்மா தங்கம்! ராப்பகலா ஊட்டுவாங்க. கொஞ்சம் எண்ணத் தெரியாது. நாம ஒண்ணைக் கூட வச்சுட்டு வந்தாலும் கண்டுக்க மாட்டாங்க."

"அடேயப்பா! இந்தக் காலத்துல இப்படியும் ஒருத்தியா!" என்றாள் மையழகி. "நீ அவங்களைப் பார்த்திருக்கியா?"

"முகத்தைப் பார்த்ததில்லை. அவங்க வெளியே போயிருக்கும்போதுதான் நான் போவேன். எதுக்குத் தொந்தரவு பண்ணணும்?"

"எந்த மரம்னு எனக்கும் சொல்லேன் தங்கச்சி. புண்ணியமாப் போகும்."

"ஐயோ, வெளியே தெரிஞ்சா கூட்டம் கூடிடும்க்கா. ஏற்கெனவே எங்க சித்தி பொண்ணும் அங்கதான் விடுறா."

மையழகி பெருமூச்சு விட்டாள். கருப்பட்டி, "பசிக்குது" என்றான். அவள் ஒரு தத்துக்கிளியைப் பிடித்து அவன் வாயில் வைத்தாள். அதைப் பார்த்துக்கொண்டிருந்த மதுரவல்லியின் கண்கள் சட்டென்று விரிந்தன.

"அக்கா! நான் செஞ்சே பார்க்காத ஒண்ணு இருக்கு!"

"என்னது?"

"பிள்ளை வளர்க்கிறது! நாலஞ்சு வருஷமா முட்டை போடுறேன், இதை ஒரு நாள்கூட முயற்சி பண்ணினதில்லை பாருங்களேன். தினமும் காலைல கொஞ்ச நேரம் உங்க பையனை என்கிட்ட விடுங்க. எனக்கு ஒரு புதுப் பொழுதுபோக்கு ஆச்சு, உங்களுக்கும் நேரம் கிடைச்ச மாதிரி ஆச்சு."

மையழகிக்கு அன்று ராத்திரி தூக்கம் வரவில்லை. கரிமுத்துவை எழுப்பி, தொங்கக் கற்றுக்கொள்ளப் போவதாகச் சொன்னாள்.

"தொங்கறதா? எதுக்கு?"

"எதுக்கும் இல்லைங்க. சும்மா."

"சும்மாவா!" கரிமுத்து எழுந்து உட்கார்ந்துவிட்டான். "என்னைப் பாரு. சங்கம், சங்கம்னு ஓடுறேன். எனக்குன்னு ஏதாவது செஞ்சிருக்கேனா? சரி, போய்த் தொங்கு. வரும்போது சாப்பிட ஏதாவது கொண்டு வா."

மறுநாள் காலை மையழகி ஆலமரத்துக்குப் போனாள். வௌவால்களின் ஆசிரியர் பெயர் தொங்கட்டான். அவர் பகலில் தூங்குவார். வகுப்பும் பகலில்தான். எனவே தூங்கிக்கொண்டேதான் கற்றுக்கொடுப்பார். மாணவர்கள் அவரைப் பார்த்துப் புரிந்துகொள்ள வேண்டும்.

"அய்யா, காலை எப்படி வச்சுக்கணும்?" என்று மையழகி கேட்டாள்.

தொங்கட்டான் குறட்டை விட்டார்.

அது சரியான பதிலாகத்தான் இருந்தது. ஏனென்றால் இதில் கேட்டுத் தெரிந்துகொள்ள ஒன்றுமில்லை. கிளையைப் பிடிக்க வேண்டும், மற்ற எல்லாவற்றையும் விட்டுவிட வேண்டும். மையழகிக்குப் பிடிப்பது வந்தது. விடுவதுதான் வரவில்லை. பாதி கவிழ்வாள், உடனே, "கருப்பட்டிக்குப் பழம் தொண்டையில் சிக்கினால்?" என்று நினைப்பாள். இறக்கை தானாக அடித்துக்கொள்ளும். பொத்தென்று கீழே விழுவாள். முதல் நாள் விழுந்தாள். அடுத்த நாளும் விழுந்தாள். மரத்தில் பழம் இன்னும் குறைந்தது.

மூன்றாவது நாள் அவள் விழவில்லை.

தொங்கினாள்.

வானம் காலுக்குக் கீழே இருந்தது. தரை தலைக்கு மேலே கூரை மாதிரி இருந்தது. குளம் அந்தக் கூரையில் ஒட்டிக்கொண்டிருந்தது. ஒரு சொட்டுக்கூடச் சிந்தவில்லை. காற்று வந்தது. மையழகி லேசாக ஆடினாள். யாருக்கும் அதனால் ஒரு நன்மையும் இல்லை. அவளுக்குச் சிரிப்பு வந்தது. காகம் சிரித்தால் எப்படி இருக்கும் என்று அதுவரை அவளுக்கே தெரியாது.

அப்போதுதான் எதிர்க்கிளையைப் பார்த்தாள்.

அங்கே மதுரவல்லி உட்கார்ந்து கருப்பட்டிக்கு ஆலம்பழம் ஊட்டிக்கொண்டிருந்தாள். அம்மாக்கள் பிள்ளையைப் பார்க்கும்போது வாயைத்தான் பார்ப்பார்கள். மையழகியும் இத்தனை நாள் அந்தச் சிவந்த வாயை மட்டும்தான் பார்த்திருந்தாள். தலைகீழாகப் பார்க்கும்போது முதலில் தெரிவது வாய் அல்ல. வால்.

கருப்பட்டிக்கு வால் நீளமாக இருந்தது. காகத்துக்கு அவ்வளவு நீளம் கிடையாது. அதில் மங்கலாகப் பட்டை பட்டையாகக் கோடு ஓடியது. பக்கத்தில் மதுரவல்லியின் வால். அதிலும் அதே கோடு. இரண்டு பேரும் ஒரே மாதிரி பழத்தை முழுசாக விழுங்கினார்கள். ஒரே மாதிரி தலையைச் சாய்த்து அடுத்த பழத்தைப் பார்த்தார்கள்.

கம்பியும் குச்சியும் இறைந்து கிடக்கிற வீடு. எண்ணத் தெரியாத அம்மா.

மையழகிக்கு அழுகை வந்தது. தலைகீழாகத் தொங்கிக்கொண்டு அழுதால் கண்ணீர் கன்னத்தில் இறங்காது. நெற்றி வழியாகப் போய் உச்சந்தலையிலிருந்து சொட்டும். அப்படியே சொட்டியது. கொஞ்ச நேரம் அழுதாள். கையில் ஏந்திய மாதிரி வளர்த்த பிள்ளை. முதல் தடவை பறந்தபோது விழுந்துவிடுவானோ என்று கீழேயே பறந்துகொண்டு போன பிள்ளை.

அழுது முடித்ததும் இன்னொரு யோசனை வந்தது. அது வந்ததற்காக அவளே கொஞ்சம் வெட்கப்பட்டாள்.

'அப்படியென்றால் நாளைக்கும் இங்கே வரலாமே.'

அதே நேரம் மதுரவல்லி மூச்சு வாங்கிக்கொண்டு பறந்துவந்தாள். பின்னாலேயே கருப்பட்டி.

"அக்கா, தப்பா நினைக்காதீங்க. இந்தப் பொழுதுபோக்கு எனக்கு ஒத்துவரலை. மத்ததையெல்லாம் போதும்னா நிறுத்திக்கலாம். இதை நிறுத்தவே முடியலை! படம் எடுக்கக்கூட வாயை மூட மாட்டேங்குறான். நாளையிலேர்ந்து நான் மண்பாண்டம் செய்யக் குளவிகிட்ட போறேன். உங்க பையனை நீங்களே வச்சுக்கோங்க."

"என் பையன் இல்லை தங்கச்சி" என்றாள் மையழகி, தொங்கியபடியே. "உன் பையன். அவன் வாலைப் பாரு. உன் வாலையும் பாரு. நீ சொன்னியே, அந்த அலங்கோல வீடு? அது என் வீடு."

மதுரவல்லி திரும்பித் தன் வாலைப் பார்த்தாள். கருப்பட்டியின் வாலைப் பார்த்தாள். பிறகு சமாளித்துக்கொண்டாள்.

"இருந்தா என்னக்கா? பெத்துட்டா அம்மாவா? வளர்த்தவதான் அம்மா! ராத்திரி பகல் பார்க்காம ஊட்டின உங்களோட நான் போட்டி போட முடியுமா?"

"இல்லைம்மா, பெத்தவளுக்கு ஈடு உண்டா?" என்றாள் மையழகி. "உன் ரத்தம். நான் யாரு, நடுவுல வந்தவ."

"அப்படிச் சொல்லாதீங்க! நீங்க தெய்வம்!"

"நீதான் தெய்வம்! நாள் பூரா வேண்டாம் தாயே, காலைல கொஞ்ச நேரம் மட்டும் பார்த்துக்கோ. மத்த நேரம் நான் பார்த்துக்கிறேன். ஆலம்பழம் தீர்ற வரைக்கும்தான்."

"நாளையிலேர்ந்து காலைலதான் எனக்கு மண்பாண்டம்!"

"பசிக்குது" என்றான் கருப்பட்டி.

வாக்குவாதத்தில் மையழகியின் குரல் உயர்ந்துவிட்டது. காகம் ஒன்று உரக்கக் கத்தினால் மற்றக் காகங்கள் கூடிவிடும். என்ன, ஏது என்று கேட்பதெல்லாம் கூடிய பிறகுதான். சங்கம் முழுவதும் விவாதத்தை அப்படியே விட்டுவிட்டு ஆலமரத்துக்கு வந்தது. முன்னால் கரிமுத்து. மனைவி தலைகீழாகத் தொங்குவதைப் பார்த்ததும் அவன் வேறு பக்கம் பார்த்துக்கொண்டான். பிரச்சினையைக் கேட்டதும் உடனே அதைச் சிறப்புக் கூட்டமாக அறிவித்தான். தீர்ப்புச் சொல்லப் பொதுவான ஆள் வேண்டும் என்று கொக்கு வெள்ளைச்சாமியை அழைத்துவந்தார்கள்.

கொக்கு ஒரு காலைத் தூக்கிக்கொண்டு யோசித்தது.

"இதுக்கு ஒரு பழைய முறை இருக்கு" என்றது. "பிள்ளைய நடுவுல நிறுத்துங்க. ஒருத்தி ஒரு இறக்கையைப் பிடிக்கணும், இன்னொருத்தி இன்னொரு இறக்கையைப் பிடிக்கணும். நான் 'இழு'ன்னு சொன்னதும் இழுக்கணும். எவ கடைசி வரைக்கும் விடாம இழுக்கிறாளோ, பிள்ளை அவளுக்குத்தான்."

மையழகி கிளையிலிருந்து இறங்கிவந்தாள். கருப்பட்டியை நடுவில் நிறுத்தினார்கள். இரண்டு பேரும் ஆளுக்கு ஓர் இறக்கையைப் பிடித்தார்கள். கொக்கு அலகைத் திறந்தது. 'இழு' என்று அது சொல்வதற்கு முன்பே இரண்டு பேரும் விட்டுவிட்டார்கள்.

"நான் இன்னும் சொல்லவே இல்லையே!" என்றது கொக்கு.

"வலிக்குமே அய்யா" என்றாள் மதுரவல்லி.

"பாவம் அய்யா, குழந்தை" என்றாள் மையழகி.

இப்படி நடந்தால் என்ன செய்வது என்று பழைய முறையில் சொல்லியிருக்கவில்லை. கொக்கு காலை மாற்றிக்கொண்டது. மையழகி ஆலமரத்தைப் பார்த்தாள். உச்சிக்கிளையில் மட்டும் கொஞ்சம் பழம் சிவந்திருந்தது. இன்று தீர்ப்பு தனக்கு எதிராகப் போனால் இந்த வருஷம் அவள் மறுபடியும் தொங்கப்போவதில்லை. அடுத்த வருஷம் வேறு ஏதாவது முட்டை இருக்கும்.

அந்த நேரத்தில் கரிமுத்து தொண்டையைச் செருமிக்கொண்டு கிளையின் நடுவுக்கு வந்தான். கூட்டம் என்று ஒன்று கூடிவிட்டால் அவனால் பேசாமல் இருக்க முடியாது.

"சங்கத்துப் பெரியோர்களே! இந்த இரண்டு பெண்களையும் பாருங்கள். ஒருத்திக்குப் பரதம், ஒருத்திக்குத் தொங்கல்! பொழுதுபோக்கு, பொழுதுபோக்கு என்று அலைந்தால் குடும்பம் என்ன ஆகும்? என்னைப் பாருங்கள்! எனக்கு நீச்சல் உண்டா? ஆட்டம் உண்டா? பாட்டு உண்டா? இந்தக் காட்டிலேயே ஒரு பொழுதுபோக்குகூட இல்லாதவன் நான் ஒருத்தன்தான்! காலையிலிருந்து இருட்டும் வரை நான் ஒரே கிளையில்தான் உட்கார்ந்திருப்பேன்! வேண்டுமானால் யாரையும் கேட்டுப்பாருங்கள்!"

"ஆமாம், ஆமாம்" என்று சங்கம் கத்தியது. எல்லோரும் சாட்சி.

"காலையிலிருந்து இருட்டும் வரை?" என்று கொக்கு கேட்டது.

"ஒரு நாள் தவறியதில்லை!" என்றான் கரிமுத்து.

மையழகி அவனைப் பார்த்தாள். மதுரவல்லியும் பார்த்தாள். இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"சரி" என்றது கொக்கு. அதற்குக் குளத்துக்குப் போக நேரமாகிவிட்டது. "பிள்ளையே முடிவு பண்ணட்டும். தம்பி, உனக்கு யார் வேணுமோ அவங்க பக்கத்துல போய் உட்காரு."

தொங்கட்டானின் குறட்டை மட்டும் கேட்டது. கருப்பட்டி மதுரவல்லியைப் பார்த்தான். அவள் கைப்பேசியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். மையழகியைப் பார்த்தான். அவளுடைய கால்விரல்கள் ஏற்கெனவே ஒரு நல்ல கிளையை இறுகப் பிடித்திருந்தன.

கருப்பட்டி எழுந்து நடந்துபோய், கரிமுத்துவின் பக்கத்தில் உட்கார்ந்து, வாயைத் திறந்தான்.

நீதி: எல்லோரும் ஏதாவது ஒரு பொழுதுபோக்கை வைத்துக்கொள்ள வேண்டும். இல்லாவிட்டால் பிள்ளையைப் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிடுவார்கள்.